துண்டுக்கு அடியில்

"இவளை என்ன பண்றதுன்னே தெரியலீங்க சாமி. சலிச்சுப் போச்சு."

மாட்டுத் தரகன் நாச்சிமுத்து துணிப்பையைக் கீழே வைத்தான். பைக்குள் மகளின் உடுப்புகள். மத்தியான பஸ்ஸில் அவளைக் கொண்டுபோய் விடுதியில் சேர்த்துவிடுவதாக முடிவு. போகிற வழியில் குருவிடம் ஒரு வார்த்தை சொல்ல வந்திருந்தான்.

மகள் கோகிலா வைக்கோல் போரை ஒட்டி நின்றாள். ஆறு வயது.

"என்ன பண்றா?"

குரு தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அவ அம்மா செத்ததுல இருந்து கடிக்கறா. பள்ளிக்கூடத்துல யாரு கிட்டப் போனாலும் கடி. இனி அனுப்பாதீங்கன்னுட்டாங்க. என்னடி உனக்குன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறா."

"எப்படிக் கேட்டே?"

"டீச்சரம்மா முன்னால கேட்டேன். சொந்தபந்தம் எல்லாத்தையும் உக்கார வெச்சுக் கேட்டேன். கத்திக் கேட்டேன். ரெண்டு போட்டும் கேட்டேன். இனிக் கேக்கத் தெம்பில்லீங்க."

குரு மெதுவாகக் கை கழுவினார்.

"இந்தக் கிழட்டுப் பசுவை நீயே வாங்கிக்க, நாச்சிமுத்து."

"இப்பங்களா?"

"இப்பத்தான்."

தொழில் என்றதும் அவன் முதுகு தானாக நிமிர்ந்தது. தோள் துண்டை எடுத்து இருவர் கையையும் சேர்த்து மூடினான். இனி விரலைப் பிடித்துத்தான் விலை பேசவேண்டும். அதுதான் மாட்டுச் சந்தை வழக்கம்.

குரு விரலைப் பிடிக்கவில்லை.

"என்ன தருவே? வாய் விட்டுச் சொல்லு. ஊருக்கே கேக்கணும்."

நாச்சிமுத்துவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"வியாபாரம் தெரியாமப் பேசாதீங்க சாமி. நாலு பேர் பாக்கறப்ப எவன் உள்ளதைச் சொல்லுவான்? அதுக்குத்தானுங்களே துண்டைப் போட்டு..."

பாதியில் நின்றுவிட்டான்.

குரு கையை உருவிக்கொண்டு பசுவுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

அவன் மகளிடம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான். அவள் கைகளைப் பின்னால் ஒளித்தாள்.

"அடிக்கலை. கையைக் கொடு."

கொடுத்தாள். துண்டைப் போட்டு மூடினான். அவன் தோளில் உட்கார்ந்து சந்தையைப் பார்த்த பிள்ளைதான் அவள்.

"என் கட்டை விரலைப் பிடிச்சா கோவம். ஆள்காட்டி விரல்னா பயம். சுண்டு விரல்னா அம்மா நெனப்பு."

"மத்த ரெண்டு?"

"எனக்குப் பேர் தெரியலை கண்ணு. நீயே வெச்சுக்க."

கட்டை விரலைத் தயாராக நீட்டி வைத்திருந்தான். அவனுக்குப் பழகிய விரல் அது ஒன்றுதான்.

அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். நெரித்துப் பிடித்தாள்.

"எதுக்குக் கண்ணு?"

துண்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நீயும் செத்துப் போயிருவியா?"



அவள் விரலை விடவில்லை. ஒருவர் பிடித்தால் எதிராளியும் பிடித்துப் பதில் சொல்லவேண்டும். சந்தை நியாயம் அவளுக்கும் தெரியும்.

"இப்ப நீ," என்றாள்.

அவன் கை துண்டுக்குள் தடவியது. அவளுடைய கட்டை விரலில் கொஞ்சம் நின்றது. பிறகு தாண்டிப் போய், பக்கத்து ஆள்காட்டி விரலைப் பிடித்தது.

ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டது.

"பஸ் வருது," என்றார் குரு.

நாச்சிமுத்து கையை எடுக்கவில்லை.

"பேரம் இன்னும் முடியலீங்க சாமி."