கழுத்தோடு வந்த கோப்பை

“எதிராளி மேல வச்ச கண்ணை எடுக்காதே. கையில கிடைச்சதை விட்டுக்கொடுக்காதே. இது ரெண்டுக்கும் மேல ஒண்ணு இருக்கு, அது என்னன்னா...”

வடகரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் தாயுமானவர் தம் பிரிவுபசார விழாவில் இந்த இடத்துக்கு வந்தபோது கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்தபோது அவர் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது என்னவென்று கண்டறிய உடனே ஒரு குழு அமைத்தார்கள். பெரியவர் அதற்குப் பிறகும் பல வருடம் அடுத்த தெருவில்தான் குடியிருந்தார். ஆனால் அவரிடமே போய்க் கேட்பது குழுவின் அதிகார வரம்புக்குள் வரவில்லை.

கிடைத்த இரண்டை மட்டும் உடற்கல்வித் துறை கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. வாய்க்காலுக்கு அந்தப்புறம் இருப்பது தென்கரைப் பல்கலைக்கழகம். இரண்டுக்கும் வருடாவருடம் விளையாட்டுப் போட்டி. ஓட்டத்தில் எதிராளியை முந்தினால் அவன் முதுகுக்குப் பின்னால் போய்விடுவான். அவன்மேல் வைத்த கண்ணை எடுத்ததாக ஆகிவிடும். ஆகவே வடகரை வீரர்கள் கட்டுப்பாட்டோடு பின்னாலேயே ஓடினார்கள். கோப்பை தென்கரையிலேயே இருந்தது. வடகரை ஏன் தோற்கிறது என்று ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர்களைச் சேர்த்தால் ஒரு கபடி அணி தேறும்.

உடற்கல்வி இயக்குநர் வீரபாகுவுக்குக் கோப்பையைவிட மைதானம்தான் உயிர். விடிந்ததும் தாமே குழாயைப் பிடித்துத் தண்ணீர் விடுவார். ஒரு புல் வாடினால் அவருக்குக் காய்ச்சல் வரும். அப்படிப்பட்டவரைத்தான் புதுத் துணைவேந்தர் சௌந்தரவல்லி அம்மையார் கூப்பிட்டனுப்பினார்.

“வீரபாகு, இந்த வருஷமும் கோப்பை நம்ம வளாகத்துக்குள்ள வரலைன்னா, அந்த மைதானத்துல நாலு மாடித் தேர்வுக் கூடம் கட்டப் போறோம். வரைபடம் தயார். உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.”

வீரபாகு வெளியே வந்து, தம் பயிற்சியாளர்கள் இருவரையும் கோல் கம்பத்தடியில் உட்கார வைத்தார். ஓட்டத்துக்குச் சிங்கராயர். சதுரங்கத்துக்கு ஞானதிரவியம், அவர் தத்துவத் துறைப் பேராசிரியர், ஒரு கேள்விக்கு ஒரு பதில் சொல்லி அறியாதவர்.

“முன்னால ஓடணும், பின்னால வாரவனையும் பாக்கணும். என்ன வே செய்யலாம்?” என்றார் வீரபாகு.

“பின்பக்கமா ஓடச் சொல்லலாம் அண்ணாச்சி” என்றார் சிங்கராயர்.

“எல்லைக் கோடு எங்க இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது. ஆனா எல்லை என்பதே...” என்று தொடங்கினார் ஞானதிரவியம்.

“நீரு சும்மா இரும். எங்கிட்ட ஒரு யோசனை இருக்கு” என்று சிங்கராயர் எழுந்து போய்த் தம் காரின் பக்கக் கண்ணாடி இரண்டையும் கழற்றிக்கொண்டு வந்தார்.

போட்டி தென்கரை மைதானத்தில். வடகரை அணி உள்ளே நுழைந்ததுமே மாணவர் கூட்டம் பிடித்துக்கொண்டது.

“ஏலேய், வடகரைக்காரன் வந்துட்டான்! ஓட்டத்துல கடைசி, சாப்பாட்டு வரிசையில முதல்!”

“தோள்ல என்னல கண்ணாடி? தலை சீவவா?”

ஓட்டக்காரன் எஸ்தாக் இரண்டு தோளிலும் கண்ணாடியோடு நின்றான். துப்பாக்கி வெடித்தது. ஓடிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தான். அதில் தென்கரைக்காரன் தெரிந்தான். கீழே ஏதோ எழுதியிருந்தது. படித்த பிள்ளை, படித்துவிட்டான். கண்ணாடியில் தெரிவது, தெரிவதைவிட அருகில் இருக்கிறது என்று போட்டிருந்தது.

அவ்வளவுதான். அலறிக்கொண்டு பாய்ந்தான். முதல் ஆளாக எல்லைக் கோட்டைத் தாண்டினான்; வேலியையும் தாண்டினான்; வாய்க்காலையும் தாண்டினான். சற்று நேரம் கழித்து எங்கேயோ ஒரு பேருந்து நிறுத்தத்திலிருந்து போன் வந்தது.

“சார், நான் ஜெயிச்சுட்டேனா?”

“ஜெயிச்சுட்ட ராசா. திரும்பி வால!”

“எப்படி சார் வர? பின்னால ஒரு பெரியவர் வாராரு. கண்ணாடியில இப்பவும் அதேதான் போட்டிருக்கு!”

சதுரங்கத்தில் வடகரைக்கு வெள்ளைக் காய். ஆடியவன் எதிராளியின் முகத்தில் கண்ணை வைத்தான், வைத்ததுதான். பலகையைக் குனிந்து பார்க்கவில்லை. ஒரு காயும் நகரவில்லை. அவன் கடிகாரம் ஓடி முடிந்து, நடுவர் தோல்வி என்று அறிவித்தார்.

ஞானதிரவியம் ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டார். “அண்ணாச்சி, ஒரு காயைக்கூட இழக்கலை! ஒரு சிப்பாய்கூட! தோத்ததுல இப்படி ஒரு சுத்தமான ஆட்டத்தை உலகம் பாத்திருக்காது!”

வீரபாகுவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

தொடர் ஓட்டத்தில் கட்டையை அடுத்தவனிடம் கொடுக்க வேண்டும். கையில் கிடைத்ததை எப்படிக் கொடுப்பது? முதல் ஆள் கொடுக்காமல் ஓடினான். இரண்டாமவன் கூடவே ஓடி, “குடுறா, எங்க அம்மா பாக்க வந்திருக்கா” என்று கெஞ்சினான். மூன்றாமவன் அவனுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு ஓடினான். நான்காமவன் சண்டையை விலக்க ஓடினான். நால்வரும் சேர்ந்தே எல்லைக் கோட்டைத் தாண்டினார்கள். நடுவர் விதிப் புத்தகத்தை மூடிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

மற்ற ஆட்டங்களில் தென்கரைக்காரர்களும் தங்களால் ஆனதைச் செய்திருந்தார்கள். வாய்க்கால் தண்ணீர் இரு கரைக்கும் ஒன்றுதானே. அவர்களுடைய ஈட்டிக்காரனிடம் “தூரத்துல எறி” என்று சொல்லியிருந்தார்கள். அவன் பேருந்து ஏறித் தூரத்துக்குப் போயிருந்தான். இப்படியாகக் கடைசியில் இருவரும் சமமாக நின்றார்கள். பாக்கி, கயிறு இழுத்தல் மட்டும்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. போன முறை ஜெயித்த அணியின் தலைவன் கோப்பையைத் துண்டில் கோத்துத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டுதான் கயிற்றைப் பிடிப்பான். அவனைத் தோற்கடித்தால், ஜெயித்த அணியின் தலைவன் தன் கையாலேயே அதை அவிழ்த்துக்கொள்ள வேண்டும். வேறு யார் தொட்டாலும் செல்லாது.

வடகரை அணிக்குத் தலைவன் பரமார்த்தலிங்கம், விடுதிச் சாப்பாட்டையே ஜீரணிக்கும் உடம்பு. மூச்சைப் பிடித்து இழுத்தான். தென்கரை அணி கோட்டைத் தாண்டி வந்து விழுந்தது.

“ஜெயிச்சாச்சு! கோப்பையைக் கழட்டுல!” என்று குதித்தார் வீரபாகு.

“கயித்தை விட்டாத்தானே சார் கழட்ட முடியும்? கையில கிடைச்சதை விடலாமா?”

பையன் சொல்வதில் தப்பில்லை. வீரபாகு தென்கரைத் தலைவனிடம் திரும்பினார்.

“தம்பி, நீயாவது விடப்பா.”

“நாங்க விட்டா தோத்ததா ஆயிடும்” என்றான் அவன், தரையில் கிடந்தபடி, கழுத்தில் கோப்பையோடு.

சிங்கராயர் தலையைச் சொறிந்தார். “அண்ணாச்சி, துணைவேந்தர் அம்மா என்ன சொன்னாங்க? கோப்பை வளாகத்துக்குள்ள வரணும்னாங்க. கழட்டணும்னு சொன்னாங்களா?”

“சொல்லலியே.”

“அப்போ இழுத்துட்டே போவோம்.”

இழுத்தார்கள். தென்கரைக்காரர்கள் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டே பின்னால் வந்தார்கள். பாலத்தில் பேருந்து நின்று வழிவிட்டது. வடகரை வாசலில் காவலர் அடையாள அட்டை கேட்டார். யாருக்கும் கை ஓய்வில்லை என்று கண்டு சல்யூட் அடித்து அனுப்பினார். ஊர்வலம் மைதானத்தின் நடுவில் வந்து நின்றது.

அம்மையார் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். “வந்திருச்சே! வீரபாகு, சொன்ன சொல் மாற மாட்டேன். மைதானம் உங்களுக்குத்தான்!”

வீரபாகு புல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அழுதேவிட்டார். ஞானதிரவியம்தான் வானத்தைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, மேகம் கட்டுது.”

“அதுக்கென்ன வே?”

“மழை பெஞ்சா கை வழுக்கும். வழுக்குனா கயிறு போயிரும். கயிறு போனா தென்கரைக்காரன் கோப்பையோட வீட்டுக்குப் போயிருவான். கோப்பை போனா...”

“மைதானம் போயிருமே!” என்று அலறினார் வீரபாகு. “வே, இவங்க தலைக்கு மேல ஒரு கூரை வேணும்.”

“பந்தல் போடலாம்” என்றார் சிங்கராயர்.

“காத்துல பறந்துரும்.”

“தகரக் கொட்டகை?”

“ஒழுகும்.”

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். முதல் துளி வீரபாகுவின் வழுக்கையில் விழுந்தது. அவர் எழுந்து துணைவேந்தர் அறைக்கு ஓடி, நாலு மாடித் தேர்வுக் கூடத்தின் வரைபடத்தை வாங்கி, கயிற்றுக்காரர்கள் நிற்கும் இடம் கட்டடத்தின் நட்டநடுவில் வரும்படி குறித்துக் கொடுத்து, மைதானம் முழுவதையும் அன்றைக்கே தோண்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.