‘கொண்ட’ என்னும் எச்சம்

வெண்காரை என்னும் ஊரில் எழுத்துப் பொறித்த கல் ஒன்று நின்றது. ஊரார் அதைத் திருடன் கல் என்றனர். அது நின்ற தெருவையும் அப்பெயராலேயே அழைத்தனர்.

பூவராகன் அத்தெருவில் பிறந்தவர். பேருந்து நடத்துநராயிருந்து ஓய்வு பெற்றதும் ஊர் வரலாற்றுக் கழகத்தில் சேர்ந்தார். கழகத்தின் தலைவி தேவகுஞ்சரிக்கு அவருடைய மகள் வயதுதான். ஆயினும், பழைய எழுத்துகளை அவரிடம் கற்கத் தொடங்கிய நாள்முதல், பூவராகன் அவரை ‘அம்மா’ என்றே அழைத்தார்.

கழகம் பழைய அரவை மில்லை அருங்காட்சியகமாக மாற்றிக்கொண்டிருந்தது. வாயிலுக்கு நேரெதிரே, உள்ளே வருவோர் கண் முதலில் விழும் இடத்தில், ஒரு மேடை வெறுமையாய் இருந்தது.

“உங்க தெருக் கல்லை அங்கே வைக்கலாம்னு இருக்கோம், ஐயா,” என்றார் தேவகுஞ்சரி.

கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த பூவராகனின் கை நின்றது.

“வேண்டாம்மா.”

“ஏன்?”

“அதுல இருக்கறது ஊருக்கே தெரியும். எங்க அப்பா காலத்துல வெளியூர்க்காரர் ஒருத்தர் வந்து படிச்சார். தொறுன்னா மாட்டு மந்தை, கொண்டன்னா கவர்ந்துகிட்ட. கரிச்சாத்தன்னு ஒருத்தன் சொந்த ஊரு மாட்டையே ஓட்டிக்கிட்டுப் போயிருக்கான்னார். அடுத்த வரிக்கு அவர் குனியறதுக்குள்ள எங்க ஆளுங்க துரத்திட்டாங்க. ஆனா சொன்ன சொல் நின்னுபோச்சு. என் பையனுக்குப் பொண்ணு கேட்டுப் போன வீட்டுல, ‘இருங்க, மாட்டைக் கட்டிட்டு வந்துடறோம்’னு சிரிச்சாங்கம்மா.”

தேவகுஞ்சரி மேசையிலிருந்து வெற்று அட்டை ஒன்றை எடுத்தார்.

“நீங்களே சொல்லுங்க. சொந்த ஜனத்துக்கு இழுக்குன்னு தெரிஞ்சும் அதை ஊரறிய எழுதி வைக்கணுமா?”

தேவகுஞ்சரி அட்டையை அவரிடம் நீட்டினார்.

“கல்லுக்கான விளக்க அட்டையை நீங்களே எழுதுங்க. ஓர் எழுத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.”

பூவராகனுக்குக் கல்லைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தார். தேவகுஞ்சரி வாய்விட்டுப் படித்தார்.

“‘கரிச்சாத்தன் வெண்காரைத் தொறுக் கொண்ட.’ அப்புறம்?”

“அவ்வளவுதாம்மா.”

“கொண்டான்னு இருக்கா?”

“இல்ல. கொண்ட.”

“கொண்ட என்பது என்ன?”

பூவராகன் வகுப்பறையில் பெயர் சொல்லி எழுப்பப்பட்டவர்போல் நிமிர்ந்தார். “பெயரெச்சம்.”

“பெயரெச்சம் எதைக் கேட்கும்?”

“பெயரை.”

“பெயர் எங்கே, ஐயா?”

பூவராகன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

“சிமெண்டுக்குள்ள.”

“யார் போட்ட சிமெண்டு?”

“எங்க அப்பா. எழுத்து மொத்தத்தையும் மூடிடணும்னு அடியிலேருந்து பூசிக்கிட்டே வந்தார். கடைசி வரி மறைஞ்சதும் சிமெண்டு தீர்ந்துபோச்சு.”

தேவகுஞ்சரி சிரிக்கவில்லை. உளியையும் சுத்தியலையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

மறுநாள் காலை கல்லைச் சுற்றித் தெருவே கூடிவிட்டது. பூவராகனின் அக்கா தாயாரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“டேய் வராகா! அப்பா மூடினதை நீ திறக்கிறியா? இதுவரைக்கும் பேரு மாட்டோட நிக்குது. உள்ள ஆடும் கோழியும் இருந்துட்டா என்னடா பண்ணுவே?”

கூட்டம் சிரித்தது. பூவராகன் சிரிக்கவில்லை, தேவகுஞ்சரியின் பக்கம் திரும்பினார்.

“உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?”

“ஊகம் உண்டு. ஊகத்தை நாம அட்டையில எழுதறதில்லை.”

பூவராகன் உளியை வைத்து அடித்தார். தந்தையின் பூச்சு எளிதில் விடவில்லை. பெயர்ந்தபோதோ பாளம் பாளமாகப் பெயர்ந்தது. தேவகுஞ்சரி நீர் ஊற்றிக் கழுவி, எழுத்தின் பள்ளங்களில் சுண்ணப்பொடியைத் தடவினார். எழுத்துகள் வெள்ளையாய் எழுந்தன. பூவராகன் மண்டியிட்டுக் கூட்டிப் படித்தார்.

“ஞா... ன்... று.”

நிறுத்தினார்.

“ஞான்று. ஞான்றுன்னா நாள். கொண்ட நாள்! கொண்ட அன்னைக்கு!”

“மேலே படிங்க, ஐயா.”

“மீட்டுப்... பட்டான்.” அவர் துள்ளி எழுந்தார். “அக்கா! எவனோ வந்து வெண்காரை மந்தையை ஓட்டிக்கிட்டுப் போன அன்னைக்கு, நம்ம கரிச்சாத்தன் போய் மீட்டுட்டு உயிரை விட்டிருக்கான்! இது திருடன் கல் இல்ல. திருட்டைத் தடுத்தவன் கல்!”

தாயாரம்மா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டார்.

“அப்போ இந்த ஊருல பால் குடிச்சவன் அத்தனை பேரும் நமக்குக் கடமைப்பட்டவன்னு சொல்லு!”

திறப்பு விழாவன்று டிராக்டரில் கரும்பும் வாழையும் கட்டி, கல்லுக்கு மாலை சாத்தி, தெருவே முன்னால் நடந்தது. வழியில், பூவராகன் மகனுக்குப் பெண் கேட்கப் போன வீட்டின் முன்னே பம்பைக்காரர்கள் நின்றார்கள். கை ஓயும்வரை அடித்துவிட்டே நகர்ந்தார்கள். அந்த வீட்டுக்காரர் குடத்தில் நீர் கொண்டுவந்து, டிராக்டரின் சக்கரத்தில் ஊற்றிக் கும்பிட்டார்.

கல் மேடையில் ஏறியது. பூவராகன் தம் பழைய அட்டையிலேயே, ‘கொண்ட’ என்ற சொல்லை அடுத்து, மிச்சத்தை எழுதி முடித்தார். வெளியே பம்பை இன்னும் ஓயவில்லை.

“அம்மா, ஒன்னு கேட்கணும்.”

“கேளுங்க.”

“அக்கா சொன்ன மாதிரி, உள்ள ஆடும் கோழியுமே இருந்திருந்தா?”

தேவகுஞ்சரி அட்டையை வாங்கிக் கல்லின் அடியில் நேராக நிறுத்தினார்.

“அப்பவும் இதே உளியைத்தான் உங்க கையில கொடுத்திருப்பேன், ஐயா.”