காலித் தட்டு

இரும்புத் தட்டில் எடைக்கல் இறங்கும் சத்தத்துக்கு ஒரு வால் உண்டு. ‘ணங்’ என்று விழும். பிறகு சங்கிலிகள் கொஞ்ச நேரம் முணுமுணுக்கும். அது அடங்கும்வரை செசிலி வாய் திறக்க மாட்டாள். அடுத்த வாசலில் குடியிருந்த எனக்கு அந்த மௌனமும் கேட்கும். நாற்பது வருடமாகிறது. இன்னும் கேட்கிறது.

செசிலி தராசு பழுது பார்ப்பவள். செம்மணல் தேரிக்காட்டை ஒட்டிய எங்கள் ஊரில் கருப்பட்டிக் கடை, கருவாட்டுக் கடை எல்லாவற்றின் தராசும் அவளிடம்தான் வரும். அப்போது அவளுக்கு முப்பத்துநாலு வயது. அவளிடம் தொழில் கற்க வந்த தளவாய்க்கு ஐம்பத்தாறு. பஞ்சாலையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவர். ஆலை மூடியதும் ஓர் அரத்தைப் பையில் போட்டுக்கொண்டு இவள் பட்டறைக்கு வந்துவிட்டார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை மேஸ்திரி என்பார்.

வந்த அன்றே கேட்டார்.

“ஒரு தராசு சரியா இருக்குன்னு எப்படி மேஸ்திரி கண்டுபிடிக்க?”

“முதல்ல துருவைத் துடைங்க, அண்ணாச்சி.”

ஏழு மாதம் துடைத்தார். எட்டாம் மாதம் சிவனணைந்தானின் கருப்பட்டிக் கடைத் தராசைத் தனியாகச் செய்துமுடித்தார். தராசுக்கோலின் நடுவே கத்தி என்று ஓர் இரும்பு விளிம்பு இருக்கும். முழுப் பாரத்தையும் தாங்குவது அதுதான். தேய்ந்த கத்தியைத் தட்டி எடுத்துப் புதிது பொருத்தினார். தட்டுகள் நேராக நின்றன. செசிலி எட்டிப் பார்த்துத் தலையசைத்தாள். தராசு கடைக்குப் போயிற்று.

மூன்று வாரம் கழித்து, ஒரு காலையில், சிவனணைந்தான் அதே தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னால் பேச்சித்தாய், தலையில் கருப்பட்டிப் பெட்டியோடு. வரும்போதே சண்டை.

“ஒவ்வொரு வாரமும் பத்து கிலோங்கா. நிறுத்தா நூறு கிராம் குறையுது,” என்றார் சிவனணைந்தான்.

“என் வீட்டுத் தராசுல பெட்டியோட பத்து. முழுசா.”

“உன் வீட்டுத் தராசு உன் பேச்சைத்தான கேக்கும்?”

பேச்சித்தாய் செசிலியிடம் திரும்பினாள். “நேத்து சந்தை நடுவுல வச்சு என்னைக் களவாணின்னுட்டாரு. இன்னைக்கு ஒரு கடையிலயும் பெட்டியை இறக்க விடல. நான்தான் இவரை இழுத்துட்டு வந்தேன். தராசு சொல்லட்டும்.”

“காலித் தட்டைத் தூக்கிக் காட்டாம என்னைக்காவது நிறுத்திருக்கனா? அவகிட்டயே கேளுங்க.”

“காட்டுனாரு,” என்றாள் பேச்சித்தாய். பொய் சொல்லத் தெரியாதவள்.

தளவாய் தராசைக் கொக்கியில் மாட்டினார். காலித் தட்டுகள் அசைந்து நின்றன. முள் நடுவில். அவர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம்.

செசிலி தன் எடைக்கற்கள் இரண்டை எடுத்தாள். ஐந்தும் ஐந்தும் பத்து. கல் இடப்பக்கம், சரக்கு வலப்பக்கம். எங்கள் ஊர்க் கடைகளில் அதுதான் வழக்கம். ணங். பெட்டி மெல்ல மேலே ஏறியது.

“பாத்தியா?” என்றார் சிவனணைந்தான்.

பேச்சித்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சங்கிலி அடங்கியது.

“அண்ணாச்சி, ரெண்டையும் இடம் மாத்தி வைங்க.”

“எதுக்கு, மேஸ்திரி?”

“வைங்க.”

வைத்தார். ணங். இப்போது பெட்டி கீழே இறங்கிற்று. கற்கள் மேலே போயின.

பேச்சித்தாய்தான் முதலில் சிரித்தாள்.

“அந்தத் தட்டுக்குப் போனதும் என் கருப்பட்டி தின்னு கொழுத்துருச்சோ?”

தளவாய் கவராயத்தை விரித்து நடுக்கத்தியிலிருந்து இந்த முனைவரை அளந்தார். அந்த முனைவரை அளந்தார். மறுபடியும் அளந்தார். ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. நீளமான பக்கத்தில் வைப்பது கனம் கூடித் தெரியும்.

“ஒரு நெல்லு அகலம் தள்ளிப் பொருத்திட்டேன்,” என்றார். “காலித் தட்டு லேசா சாஞ்சது. ஒரு தட்டுக்கு அடியில ஈயம் வச்சு நேராக்கிட்டேன்.”

“யார் செஞ்ச வேலை இது?” என்று கத்தினார் சிவனணைந்தான்.

“என் பட்டறை வேலை,” என்றாள் செசிலி.

“இல்ல. என் கை வேலை,” என்றார் தளவாய்.

“யார் கையோ இருக்கட்டும்.” பேச்சித்தாய் எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள். “சந்தையில சொன்னதைச் சந்தையிலயே மாத்திச் சொல்லணும்.”

சிவனணைந்தான் குனிந்து பெட்டியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

“கனக்குதோ?” என்றாள்.

“பத்து கிலோ,” என்றார். “முழுசா.”

இருவரும் சந்தைப் பக்கம் நடந்தார்கள். அவர் முன்னால், அவள் பின்னால்.

பட்டறையில் தளவாய் அரத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

“நான் கிளம்புதேன், மேஸ்திரி.”

“கத்தியைக் கழத்துங்க, அண்ணாச்சி. சாயங்காலத்துக்குள்ள கடைக்குப் போகணும்.”

அவர் நின்றார்.

“ஒன்னு கேக்கட்டுமா? இடம் மாத்தி வச்சுப் பாக்கணும்னு உங்களுக்குத் தெரியும். அன்னைக்கு ஏன் வச்சுப் பாக்கல?”

காலித் தட்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை அவள் காத்திருந்தாள்.

“நரைச்ச தலை. முப்பது வருஷ ஃபிட்டரு. உங்க வேலையை நான் சோதிச்சா நல்லாவா இருக்கும்னு விட்டுட்டேன். நானும் காலித் தட்டைத்தான் பாத்தேன், அண்ணாச்சி.”

தளவாய் பையிலிருந்து அரத்தை வெளியே எடுத்தார்.

எழுபத்தொன்பது வயதுவரை அவர் அந்தப் பட்டறையில் வேலை செய்தார். அவர் முடித்த தராசை அவள் இடம் மாற்றி நிறுத்துப் பார்த்தாள். அவள் முடித்ததை அவர் பார்த்தார்.