பன்னெண்டு கலோரியும் நாலு பரோட்டாவும்

வெயிலுமுத்து அண்ணாச்சி பொய் சொல்லப் போறாருன்னா முன்னாடியே தெரிஞ்சிரும். மூக்க ஒரு இழுப்பு இழுப்பாரு. ஸ்ர்ர்ருப்! சளியெல்லாம் ஒண்ணும் கெடையாது. பஸ்ஸு கெளம்புறதுக்கு முன்னாடி ஆரன் அடிக்காம்லா, அந்த மாதிரி. இந்தக் கதையில எங்கெல்லாம் ஸ்ர்ர்ருப் வருதோ, அங்கெல்லாம் கொஞ்சம் ஒதுங்கி நின்னுக்கோங்க.

நான் கோமதிநாயகம். கோவில்பட்டியில ஆட்டோ ஓட்டுதேன். படிப்பு எட்டாப்போட நின்னுட்டு. ஆனா ஒருத்தர ரெண்டு நாளு பாத்தேன்னா அப்படியே அவர மாதிரி பேசிக் காட்டிருவேன். எங்க மாமியா கொரல்ல பேசி, எம் பொண்டாட்டிகிட்ட அடியே வாங்கியிருக்கேன்னா பாத்துக்கோங்க. அதனால அண்ணாச்சி சொன்னத அண்ணாச்சி கொரல்லயே சொல்லுதேன். அப்பதான் ருசி.

எங்க ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல சேகு மாஸ்டர் பரோட்டா கடை. அதுக்கு நேர் மாடியில ஜிம்மு. மேல ஒடம்ப எறக்குவாங்க, கீழ ஏத்துவாங்க. ரெண்டு கடைக்கும் ஒரே கூட்டந்தான்.

அண்ணாச்சிக்கு பிளாஸ்டிக் நாற்காலி யாவாரம். கடை தொறந்தா ஒரு நாற்காலியில உக்காருவாரு. அது ஒடிஞ்சா அடுத்ததுல உக்காருவாரு. ஒடியாம மிஞ்சுறதத்தான் விப்பாரு. இப்படியே இருவது வருசம் உக்காந்ததுல சுகரு முந்நூத்தி நாப்பதுல வந்து நின்னுட்டு. செல்லத்தாய் அக்கா, அதான் அவரு சம்சாரம், பயந்துபோயி அவர இழுத்துட்டு வந்து மாடி ஜிம்முல நடக்குற மெஷினு மேல ஏத்தி விட்டுட்டாக.

ஏத்தி விட்டுட்டு சும்மா போகல. அங்க இருந்த கோச்சுகிட்ட, "ஒரு பரோட்டா எம்புட்டு கலோரி?"ன்னு கேட்டாக. "முந்நூறு இருக்கும்க்கா"ன்னாரு அவரு. அக்கா நேரா கீழ எறங்கி வந்து, மாஸ்டர் கல்லுக்குப் பக்கத்துச் செவுத்துல ஒரு பேப்பர ஒட்டிட்டுப் போயிட்டாக. இன்னைக்கும் இருக்கு, வந்து பாருங்க:

"முந்நூறு எரிச்சா ஒரு பரோட்டா. மெஷினை போட்டோ எடுத்துக் காட்டணும். இல்லைன்னா கோதுமை தோசை, எண்ணெய் இல்லாம. இப்படிக்கு, செல்லத்தாய்."

கலோரின்னா என்னன்னு எனக்குத் தெரியாது. சேகு மாஸ்டருக்கும் தெரியாது. ஆனா மாஸ்டரு அந்தப் பேப்பர கோர்ட்டு உத்தரவா எடுத்துக்கிட்டாரு. பதினோரு நாளா அண்ணாச்சி போட்டோ காட்டுவாரு. ஒரு நாளு நாப்பது, ஒரு நாளு முப்பத்தஞ்சு, ஒரு நாளு மெஷினு நின்னுபோச்சுன்னு சைபரு. மாஸ்டரு பாத்துட்டு, கோதுமை தோசைய எடுத்து வைப்பாரு. பக்கத்து எலையில சால்னா மணக்கும். அண்ணாச்சி அந்த வாசனையத் தொட்டுக்கிட்டே தோசையத் திம்பாரு. பாவந்தான், பாத்தா கல்லும் கரையும். மாஸ்டரு கரையல.

பன்னெண்டாம் நாளு சாயங்காலம் நடந்ததுதான் கதை.

நானும் சுடலைமணியும் மாஸ்டர் கடையில உக்காந்திருக்கோம். சுடலைமணி ஈபியில வீடு வீடா மீட்டரு ரீடிங் எடுக்குற ஆளு. எதையும் ரெண்டு தடவ பாக்காம நம்ப மாட்டான். மாடிப்படியில அண்ணாச்சி எறங்கி வாராரு. எப்படி? சண்டையில ஜெயிச்சுட்டு வாராப்புல நெஞ்சத் தூக்கிட்டு. வந்தவரு பெஞ்சுல உக்காந்து, மேசையத் தட்டுனாரு.

"மாஸ்டர்! நாலு பரோட்டா. நல்லா பிச்சுப் போட்டு, சால்னா ஊத்தி முக்குங்க. இன்னைக்கு எரிச்சுட்டேன்."

மாஸ்டரு மாவத் தட்டிக்கிட்டே கைய நீட்டுனாரு. "போட்டோ."

அண்ணாச்சி போன நீட்டல. மூக்க இழுத்தாரு. ஸ்ர்ர்ருப்!

"போட்டோ இருக்கு. ஆனா அத அப்படியே பாக்கக் கூடாது. வெளக்கம் சொன்ன பொறவுதான் பாக்கணும்."

சுடலைமணி எட்டிப் போனப் புடுங்கிட்டான். பாத்தான். என்கிட்ட காட்டுனான். மெஷினு முகத்துல பளிச்சுன்னு செவப்பு எழுத்து. கலோரி: பன்னெண்டு.

"அண்ணாச்சி, பன்னெண்டுன்னா ஒரு வாய்க்குக் கூட வராதே! பரோட்டாவுல கருகுன ஓரத்தப் பிச்சுக் குடுக்கலாம்"ன்னான் சுடலைமணி.

"சிரிக்காதிய வே. அது வெறும் பன்னெண்டு இல்ல. சுத்தி வந்த பன்னெண்டு." அண்ணாச்சி தோள்ல கெடந்த துண்ட ஒதறிப் போட்டாரு. "அந்த மெஷினுல மூணு எலக்கந்தான் இருக்கு. தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தி ஒம்பது வரைக்கும் காட்டும். அதுக்கு மேல போனா? மறுபடியும் சைபருக்கு வரணும்லா? நான் இன்னைக்கு ஒம்பது தடவ சைபரத் தாண்டுனேன். பத்தாவது தடவ பன்னெண்டுக்கு வரும்போது, போதும்டா மெஷினு பாவம்னு எறங்கிட்டேன். ஒம்பதாயிரத்திப் பன்னெண்டு கலோரி! ஏ சுடலைமணி, நீ மீட்டருக்காரன். சொல்லு. மீட்டரு சுத்தி வருமா வராதா?"

சுடலைமணி தலையச் சொறிஞ்சான். "பழைய மீட்டரு சுத்தி வரும் அண்ணாச்சி. ஆனா அதுக்கு இருவது வருசம் ஆகுமே."

"வரும்னு சொல்லிட்டாம்லா! மாஸ்டர், கேட்டுக்கோங்க. கவர்மெண்டு ஆளே சொல்லிட்டான். முந்நூறுக்கு ஒண்ணுன்னா எனக்கு முப்பது பரோட்டா வரணும். நான் பேராசக்காரன் இல்ல. நாலு போதும்."

மாஸ்டரு கல்லுப் பக்கம் திரும்பிட்டாரு. டப், டப், டப். மாவு வீசுற சத்தம் மட்டுந்தான்.

நான் சும்மா இருப்பேனா? "அண்ணாச்சி, ஒம்பதாயிரம் எரிச்சிருக்கிய. சட்ட காஞ்சு மொடமொடன்னு இருக்கே? இஸ்திரி கலையலையே?"

ஸ்ர்ர்ருப்!

"வேர்க்காம இருக்குமா? மொதச் சுத்துலயே ஆறு மாதிரி ஊத்துச்சு. ஆனா நான் நடந்த வேகத்துக்கு ஒடம்பு கொல்லம்பட்டறை கணக்கா காஞ்சு கெடக்கு. வேர்வ கீழ விழல, ஆவியாப் போயிட்டு. ஜிம்முக்குள்ள மேகம் கட்டிட்டு வே! கோச்சு என்னத் தேடுதாரு, மேகத்துக்குள்ள நான் தெரியல. பொறவு சன்னலத் தொறந்து விட்டாங்க. அந்த மேகம் வடக்க போயி சாத்தூர்ல கொட்டு கொட்டுன்னு கொட்டிருக்கு."

"நான் சாத்தூர்லருந்துதான் வாரேன்," சுடலைமணி சொன்னான். "இப்பதான் பஸ்ஸ விட்டு எறங்குனேன். கண்ணுல மண்ணுதான் அடிச்சது. ஒரு தூத்தல் இல்ல."

"உப்பு மழைன்னு தெரிஞ்சு ஒனக்காக மேல உள்ளவன் நிறுத்திருப்பான். நீ பஸ்ஸு ஏறுன பொறவு பேஞ்சிருக்கும்."

எப்படி மடக்குனாலும் நழுவுதாரு பாத்தியளா? விரால் மீனு தோத்துப் போகும்.

சுடலைமணி போட்டோவ ரெண்டு விரலால இழுத்துப் பெருசாக்குனான். ரீடிங் எடுக்குற கண்ணுல்லா, விடுமா? "அண்ணாச்சி, இங்கன பாருங்க. நேரம் போட்டிருக்கு. மூணு நிமிசம் இருவது செகண்டு. மூணு நிமிசத்துல ஒம்பதாயிரமா?"

அண்ணாச்சி ஒரு நொடி முழிச்சாரு. ஒரே நொடிதான். ஸ்ர்ர்ருப்!

"லேய், கலோரி சுத்தும்போது நேரம் சும்மா நிக்குமா? அதுவும்தான் சுத்துச்சு. நூறு நிமிசத்துக்கு ஒரு தடவ சைபரு. அதுவும் ஒம்பது தடவ. விடியக்கால ரெண்டரை மணிக்கே ஏறிட்டேன் வே. இந்தா இப்பதான் எறங்குதேன்."

இந்த எடத்துலதான் எனக்குக் கோவம் வந்துட்டு. "அண்ணாச்சி! மத்தியானம் ஒரு மணிக்கு ஒங்களக் கடையிலருந்து வீட்டுக்கு நாந்தானே ஆட்டோல கூட்டிட்டுப் போனேன்! வழியெல்லாம் வேகத்தடையில பாத்துப் போவே, பாத்துப் போவேன்னு என் உசிர வாங்குனியளே!"

அண்ணாச்சி என்னப் பாத்தாரு. சின்னப் புள்ளயப் பாக்குற மாதிரி ஒரு பார்வ.

"ஒன் ஆட்டோல வந்தது நானா? நல்லா யோசிச்சுப் பாரு நாயகம். அது என் நெழலு."

"எது?"

"நெழலு வே! நான் நடந்த வேகத்துக்கு அதால ஈடு குடுக்க முடியல. அஞ்சாவது சுத்துலயே பிச்சுக்கிட்டுப் போயிட்டு. போனது நேரா நம்ம கடைக்குப் போயி நாற்காலியில உக்காந்திருக்கு. பழக்கதோசம். மத்தியானம் பசிச்சிருக்கு, ஒன் வண்டியில ஏறி வீட்டுக்குப் போயி ரெண்டு தடவ ரசம் வாங்கிக் குடிச்சிருக்கு. செல்லத்தாய்க்கே வித்தியாசம் தெரியல. நெறம் கொஞ்சம் கறுத்துருக்கியளேன்னு மட்டும் கேட்டாளாம்."

சிரிக்காம என்ன செய்ய? பக்கத்து பெஞ்சுல ஒருத்தருக்குப் பொறை ஏறி, நான்தான் தலையில தட்டி விட்டேன். அண்ணாச்சிக்கு அதப் பாத்து இன்னும் குஷி. இலைய அவரே எடுத்துப் போட்டு, தண்ணி தெளிச்சு, தொடச்சு ரெடியா வச்சுக்கிட்டாரு. கண்ணு மட்டும் கல்லு மேலயே இருக்கு. அங்க மாஸ்டரு நாலு பரோட்டா போட்டு, எண்ணெய் ஊத்திருக்காரு; அது பொன்னா வெந்துக்கிட்டு இருக்கு. நாலேதான்! அண்ணாச்சி எச்சி முழுங்குனது எனக்குக் கேட்டுச்சு.

சுடலைமணி விடல. கடைசி ரீடிங்க எடுத்தான். "நெழலு போகட்டும். தூரம்னு ஒண்ணு போட்டிருக்கே. இருநூறு மீட்டரு. இதுவும் சுத்துனதா?"

"பின்ன? ஒலகத்தையே ஒரு சுத்து சுத்திட்டு, மேக்கொண்டு இருநூறு மீட்டரு."

"மெஷினு மேல நடந்தா நின்ன எடத்துலதானே இருப்பிய? நீங்க எங்க ஒலகத்தச் சுத்துனிய?"

இப்ப வந்ததுதான் பெரிய ஸ்ர்ர்ருப். மூக்கோட கடையில இருந்த காத்துல பாதி உள்ள போயிட்டு.

"இப்பதான் சரியா கேட்ட. நான் நின்ன எடத்துலதான் நின்னேன். நான் எங்கயும் போகல. என் காலுக்கு அடியில பெல்ட்டு சுத்துச்சு. பெல்ட்டுக்கு அடியில மெஷினு அதிருச்சு. மெஷினுக்கு அடியில மாடி, மாடிக்கு அடியில இந்தக் கடை, கடைக்கு அடியில பூமி. நான் ஒதச்ச ஒதையில பூமி சுத்த ஆரம்பிச்சுட்டு வே! இலங்க வந்துட்டுப் போச்சு, சிங்கப்பூரு வந்துட்டுப் போச்சு, எங்க மச்சான் இருக்குற துபாயி வந்தப்ப நல்லா இருக்கியாடான்னு கேட்டுக்கிட்டேன். எல்லாம் முடிஞ்சு மறுபடி கோவில்பட்டி வந்ததும் பிரேக்கப் போட்டேன். பழக்கம் இல்லாததுனால இருநூறு மீட்டரு கூட போயிட்டு. நம்பலைன்னா வெளிய எட்டிப் பாருங்க. இன்னைக்கு ஏன் வெள்ளனயே இருட்டிட்டு? மணி இன்னும் ஆறு ஆகல. நான் சுத்துன சுத்துல சூரியன் முக்கா மணி நேரம் முன்னாடியே அந்தப் பக்கம் போயிட்டு!"

வெளிய பாத்தோம். மழ மேகம், லேசா இருட்டிதான் இருந்துச்சு. சுடலைமணி போன மேசையில வச்சுட்டுத் தோத்த ஆளு மாதிரி கையக் கட்டிக்கிட்டான். ஜெயிச்சாச்சு. பன்னெண்டு நாள்ல மொத தடவையா அண்ணாச்சி ஜெயிச்சுட்டாரு. ரெண்டு கையையும் தேச்சுக்கிட்டு, இலைய மாஸ்டரு பக்கமா தள்ளுனாரு.

"போடுங்க மாஸ்டர். ஆறிரப் போவுது."

சேகு மாஸ்டரு நாலு பரோட்டாவையும் கல்லுலருந்து எடுத்தாரு. ரெண்டு கையாலயும் பக்கவாட்டுல அடிச்சு நொறுக்குனாரு. ஆவி பறக்குது. தூக்கிட்டு வந்தாரு. அண்ணாச்சியத் தாண்டிப் போயி, பொறை ஏறுன ஆளு இலையில வச்சாரு. திரும்பி வந்து, அண்ணாச்சி முன்னால கெடந்த வெறும் இலைய எடுத்து மடிச்சாரு.

"கை கழுவிட்டு வாங்க அண்ணாச்சி. சாப்ட்டாச்சு."

"என்ன மாஸ்டர்? யாரு சாப்ட்டா?"

"நீங்கதான். ஆயிரம் பரோட்டா தின்னிருக்கிய. இந்த இலை தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தி ஒம்பது வரைக்குந்தான் காட்டும். அதுக்கு மேல போனதும் சுத்தி வந்து சைபர்ல நிக்குது."

கடையே ஒரு தடவ குலுங்குச்சு. சுடலைமணி பெஞ்சுலருந்து சரிஞ்சுட்டான். நான் சிரிச்ச சிரிப்புல மேல ஜிம்முலருந்து ஒருத்தரு எட்டிப் பாத்தாரு.

அண்ணாச்சி விடல. மொகம் வாடிப் போச்சு, ஆனாலும் விடல. "ஆயிரம் தின்னிருந்தா எனக்கு ஏன் மாஸ்டர் இப்படிப் பசிக்கி?"

மாஸ்டரு சிரிக்கவே இல்ல. சட்டியத் தொடச்சுக்கிட்டே சொன்னாரு: "வயிறும் சுத்தி வந்துட்டு."

சொல்லிட்டு ஒரு தட்ட எடுத்து வச்சாரு. ரெண்டு கோதுமை தோசை. எண்ணெய் இல்லாம. தொட்டுக்க புதினா சட்னி.

அண்ணாச்சி தோசையப் பாத்தாரு. செவுத்துல இருந்த அக்கா கையெழுத்தப் பாத்தாரு. பக்கத்து இலையில ஊத்துன சால்னாவ ஒரு தடவ பாத்தாரு. நாங்க எல்லாரும் அவரு வாயையே பாத்துக்கிட்டு இருந்தோம். அவரு ஒரு துண்டு தோசையப் பிச்சு, சட்னியில தொட்டு வாயில போட்டு, மெல்ல மென்னு முழுங்கி, நிமிந்தாரு.

ஸ்ர்ர்ருப்!

"எனக்கு எப்பவுமே பரோட்டாவ விட கோதுமை தோசதான் உசிரு வே."