செல்லாத சீட்டின் ஐந்து வருடம்

முன்பொரு பஞ்சாயத்துத் தேர்தலில் ஓர் இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டு இருந்தது. தலைவர் பதவிக்கான சீட்டு என்பதால் அதற்குக் கொஞ்சம் மிடுக்கு உண்டு. அது மாரிக்கனி என்பவளின் கைக்குப் போனது.

மாரிக்கனியின் தெருவில் குழாய் கிடையாது. பூசணிக்காய் சின்னத்தில் நின்றவர் குழாய் போட்டுத் தருகிறேன் என்றார். பூட்டு சின்னத்தில் நின்றவரோ அந்தத் தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆக, யாருக்குப் போடுவது என்பதில் அவளுக்கு ஒரு குழப்பமும் இல்லை. மறைப்புக்குள் போனாள், முத்திரையை மையில் நன்றாகத் தோய்த்தாள், பூசணிக்காயின் மேல் அழுத்திக் குத்தினாள்.

அந்த நேரம் பார்த்தா தண்ணீர் லாரி ஹாரன் அடிக்க வேண்டும்! லாரிச் சத்தம் கேட்டால் அந்தத் தெருக்காரர்கள் தாலி கட்டும் நேரத்தில்கூட எழுந்து ஓடுவார்கள். மை காயும்வரை யார் நிற்பது? ஈரத்தோடு சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டுக் குடம் எடுக்கப் பறந்துவிட்டாள். மடித்ததில் மை எதிர்ப்பக்கத்திலும் ஒட்டிக்கொண்டது. ஒட்டிய இடம் பூட்டு.

எண்ணும் மேசையில் அதிகாரி சீட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"ரெண்டு சின்னத்துலயும் குத்தியிருக்கு. செல்லாது. தூக்கி அந்தப் பக்கம் போடு."

"ஐயா, ஐயா, குத்தினது ஒண்ணுதான்! இன்னொண்ணு மடிச்சதுல ஒட்டினது" என்று சீட்டு கத்தியது. "கொஞ்சம் உத்துப் பாருங்க. ஒட்டினதுல முத்திரையோட வளைவு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தானே முத்திரையையே அப்படி வளைச்சு வளைச்சுச் செஞ்சு வச்சிருக்கீங்க!"

சீட்டு கத்தினால் யாருக்குக் கேட்கும்? வேட்பாளர்கள் கத்துவதே அங்கே யாருக்கும் கேட்கவில்லை.

கடைசியில் இருவருக்கும் சமமான ஓட்டு. குலுக்கல் போட்டார்கள். பூட்டு ஜெயித்தது. பூசணிக்காய்க்காரர் கோர்ட்டுக்குப் போனார். சீட்டுகளையெல்லாம் ஒரு தகரப்பெட்டியில் போட்டு அரக்குச் சீல் வைத்து, வாசலில் ஒரு போலீஸ்காரரையும் நிறுத்தினார்கள்.

"பயப்படாதே" என்றது தகரப்பெட்டி. அது பல வழக்குகள் பார்த்துப் பழுத்த பெட்டி. "விஷயம் கோர்ட்டுக்குப் போயாச்சு. இனிமே உன் மேல ஒரு ஈ உட்காராது."

"ஈ உட்கார்ந்தா உட்காரட்டும். என்னை எப்போ எண்ணுவாங்க?"

"எண்ணுவாங்க, எண்ணுவாங்க. என்ன அவசரம்?"

முதலில் வந்து சேர்ந்தது வாய்தா. சலவைச் சட்டை, பணிவான பேச்சு. ஒருநாளும் அது வெறுங்கையோடு வந்ததில்லை, ஒரு காரணத்தோடுதான் வரும்.

"பூட்டுக்காரருக்கு நோட்டீஸ் இன்னும் போய்ச் சேரலை. அடுத்த மாசம் பார்ப்போம்" என்றது வாய்தா.

"அடப்பாவி! அவர் தினமும் பஞ்சாயத்து ஆபீஸ்ல தலைவர் நாற்காலியிலதானே உட்கார்ந்திருக்காரு?"

"அவர் அங்கேதான் இருக்காரு. நோட்டீஸுக்குத்தான் வழி தெரியலை."

நோட்டீஸுக்கு வழி தெரிந்தபோது வக்கீலுக்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்டபோது கோடை விடுமுறை. விடுமுறை முடிந்தபோது நீதிபதிக்கு மாற்றல். புதியவர் வந்து முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். வருடங்கள் ஓடின. சீட்டின் இளஞ்சிவப்பு மெல்ல வெளுத்தது.

"எனக்கு வயிறு எரியுது" என்று ஒருநாள் சீட்டு வாய்தாவிடம் வெடித்தது. "அந்தப் பொம்பளை இன்னும் குடத்தைத் தூக்கிக்கிட்டு லாரி பின்னாடி ஓடிக்கிட்டிருக்கா. நீ சிரிச்சுக்கிட்டே வர்றே, சிரிச்சுக்கிட்டே போறே. உனக்கு மனசாட்சியே கிடையாதா?"

வாய்தாவின் முகம் வாடிவிட்டது. "என்னை ஏன் திட்டுறே? நியாயம் கிடைக்காதுன்னு நான் என்னைக்காவது சொன்னேனா? இன்னைக்கு இல்லைன்னுதானே சொன்னேன்."

ஒருவழியாகத் தீர்ப்பு வந்தது. என்ன கம்பீரம், என்ன நடை! நீதிபதி தாமே சீட்டைக் கையில் வாங்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, வளைவு எதிர்ப்பக்கம் திரும்பியிருப்பதைக் கண்டுபிடித்திருந்தார். நல்ல மனிதர். அவர் எழுதிய தீர்ப்பும் நல்ல தீர்ப்புதான்.

"வாக்காளரின் எண்ணம் ஐயமின்றி விளங்குகிறது" என்று தீர்ப்பு முழங்கியது. "ஒரே ஒரு குடிமகளின் வாக்கும் வீணாகக் கூடாது. இந்தச் சீட்டு செல்லும். ஒரு வாக்கு வித்தியாசத்தில் பூசணிக்காயே வெற்றி பெற்றதாக அறிவிக்கிறேன்."

சீட்டு பூரித்துப்போய்விட்டது. "அப்படிப் போடு! என் சாமி, நீ நல்லா இருக்கணும். சரி, அந்தத் தெருவுக்கு எப்போ குழாய் வரும்?"

"குழாயா?" தீர்ப்பு தன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தது. "அந்த ஐந்து வருடப் பதவிக்காலம் போன மாதமே முடிந்துவிட்டதே."

"அப்போ பூசணிக்காய்க்காரர் எங்கே போய் உட்காருவாரு?"

"உட்கார வேண்டியதில்லை. அவர் வெற்றி பெற்றவர். அது போதாதா?"

"அஞ்சு வருஷமா அந்தப் பூட்டுக்காரர் போட்ட கையெழுத்து, விட்ட காண்ட்ராக்ட்டு, அதெல்லாம்?"

"அவர் ஜெயித்தது செல்லாது. அவர் செய்ததெல்லாம் செல்லும். நிர்வாகம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?"

சீட்டு தன் பழைய மடிப்பை நீவிவிட்டுக்கொண்டது. பிறகு, "போகட்டும். நானாவது செல்லுபடியான சீட்டுன்னு ஆயிட்டேனே. இனிமே என்னை என்ன செய்வாங்க?" என்று கேட்டது.

தீர்ப்பு தன் கடைசிப் பக்கத்தை எடுத்து வாசித்தது. "வழக்கு முடிவுற்றதால், விதிகளின்படி, பெட்டியிலுள்ள வாக்குச்சீட்டுகள் அனைத்தையும் கிழித்து அழித்துவிட உத்தரவிடப்படுகிறது."

"அட நாசமாப் போச்சு!" என்றது சீட்டு. "செல்லாதவளாக் கிடந்த வரைக்கும் சீல் வச்சு, போலீஸ் காவல் போட்டுப் பாதுகாத்தீங்க. செல்லும்னு சொன்ன அன்னைக்கே கிழிக்கச் சொல்றீங்களே, இது உனக்கே நல்லா இருக்கா?"

தீர்ப்புக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அதில் கையெழுத்து ஏற்கெனவே போட்டாகிவிட்டது.