சோற்றுக்கு முன் யானை

சடையம்மாளின் மடத்தில் ஒரு வழக்கம். உவமை சொன்னவர், சொன்ன பொருளைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தால்தான் சோறு. அமாவாசையன்று "நிலா மாதிரி முகம்" என்று வாய்தவறிச் சொன்ன ஒருவன், பிறை தெரியும்வரை தண்ணீர் குடித்துக் கிடந்தான்.

மருதப்பன் பெரிய பேச்சாளன். தன் குரு சடையம்மாளைவிட வயதில் மூத்தவன். ஏரி தளும்பிய மழைநாளில் அம்மாள் அவனைத்தான் கீழூருக்கு அனுப்பினாள். "கரை நிற்காது. ஊரை மடத்து மேட்டுக்குக் கூட்டி வா."

கழுத்தில் மாலையோடு திரும்பி வந்தான்.

"ஊர் கிளம்பியதா?"

"அப்படிக் கைதட்டினார்கள், அம்மா. மாலை போட்டு..."

"கிளம்பியதா என்று கேட்டேன்."

"இல்லை. பாட்டன் காலத்திலிருந்து உடையாத கரையாம்."

"என்ன சொன்னாய் அவர்களிடம்?"

"வெள்ளம் மதயானையைப் போல வரும் என்றேன்."

"மதயானை பார்த்திருக்கிறாயா?"

"இல்லை."

"வெள்ளம்?"

அவன் மாலையைக் கழற்றினான். அடுக்களையில் யாரோ சிரித்தார்கள். "அண்ணனுக்கு இன்று இலை இல்லை."

அம்மாள் எழுந்தாள். "வா."

மழையில் கரையோரம் நடந்தார்கள். கரையின் அடியில் ஓரிடத்தில் நீர் கசிந்துகொண்டிருந்தது. விரல் பருமன்தான். கலங்கிச் சிவந்து வந்தது.

"கையை வை."

கரைமண்ணில் உள்ளங்கையை வைத்தான். மண் அதிர்ந்தது. அந்தப் பக்கம் ஏரி முழுவதும் நின்றுகொண்டிருந்தது. கை நடுங்குகிறதா, கரை நடுங்குகிறதா என்று தெரியவில்லை.

"அம்மா, இதை எப்படிச் சொல்வது?"

"என்னைக் கேட்காதே. ஊர் அங்கே இருக்கிறது."

ஓடினான். ஊர்த்தலைவர் வாசலில் நின்றிருந்தார். "வாங்க சாமி. அந்த யானையை இன்னொரு தரம் சொல்லுங்க. பிள்ளைங்க கேட்கலை."

மருதப்பன் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

"என்ன சாமி இது, விடுங்க. பேசினாப் போதாதா?"

கரையில் அவர் கையை வைத்தான். கசிவு இப்போது மணிக்கட்டுப் பருமன் ஆகியிருந்தது.

தலைவர் கையை எடுத்தார். சேறு படிந்த உள்ளங்கையைப் பார்த்தார். திரும்பி ஓடினார்.

பொழுது சாய்வதற்குள் ஆடு, மாடு, குழந்தை, கிழவர் எல்லாம் மேட்டில். படுத்திருந்த ஒரு கிழவியை மருதப்பன்தான் தோளில் சுமந்து வந்தான். இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது பார்த்தான்.

முதலில் ஓசையே இல்லை. கரையில் ஒரு கோடு விழுந்தது. பிறகு கோடு இல்லை. கரை இல்லை. அதன் பிறகுதான் ஓசை வந்தது. ஊர் இருந்த இடத்தில் தண்ணீர் நடந்து போனது.

மேட்டில் யாரும் அழவில்லை.

இருட்டுவதற்கு முன் மடத்தில் பந்தி விரித்தார்கள். ஊரார் உட்கார்ந்தார்கள். மருதப்பன் தூணோரம் நின்றான்.

அடுக்களையிலேயே கிடந்த சமையல்காரன் கேட்டான். "நான் பார்க்கவில்லை, அண்ணே. வெள்ளம் எதைப் போல இருந்தது?"

மருதப்பன் தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

"வெள்ளம் போல இருந்தது."

சடையம்மாள் அடுக்களைப் பக்கம் திரும்பினாள்.

"அவனுக்கு இலை போடு."