போனுக்குச் சின்னப் பத்திரிகை

நாச்சிமுத்துவுக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருடைய குரு நஸ்ரினுக்கு இருபத்தொன்பது. பொள்ளாச்சியில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக்கொண்டிருந்த மனிதர், வெப்சைட் செய்யக் கற்றுக்கொள்ள நஸ்ரினிடம் வந்து சேர்ந்தார். 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். அதில் கேலி கிடையாது.

முதன்முதலாக அவர் செய்தது, மகள் பூங்கொடியின் பிசியோதெரபி கிளினிக்குக்கான வெப்சைட். தேடுபொறியில் எவ்வளவு தேடினாலும் அது தென்படவில்லை. ஆளே வராத கிளினிக்கை இந்த மாதத்தோடு மூடிவிட்டு துபாய்க்கு வேலைக்குப் போவதாக மகள் சொல்லிவிட்டாள். மனிதர் ஆடிப்போய்விட்டார்.

"டீச்சர், இந்தத் தேடுபொறிக்குக் கண்ணு தெரியாதுங்களா? அவ போயிட்டா வீட்டுல எனக்குப் பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லீங்க."

நஸ்ரின் கம்ப்யூட்டரில் அந்த வெப்சைட்டைத் திறந்து பார்த்தார். முதுகு வலி, மூட்டு வலி, பக்கவாதத்துக்குப் பிறகான பயிற்சி, விலாசம், நேரம் எல்லாம் இருந்தன. பார்க்க அழகாகவும் இருந்தது.

"நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா. போன்ல எப்படி?"

"அதுக்குத் தனியாச் செஞ்சேனுங்க. சொந்தக்காரங்களுக்குப் பெரிய பத்திரிகை அடிப்போமுங்க, மாமன் மச்சான் பேரெல்லாம் போட்டு. ஆபீஸ்காரங்களுக்குச் சின்னப் பத்திரிகை, பொண்ணு மாப்பிள்ளை பேரு மட்டும் போதும். அதே கணக்குத்தானுங்க. போன்ல 'பூங்கொடி'ன்னு பேரு, கீழ 'நல்வரவு'. அவ்வளவுதான். சின்ன இடத்துல எதுக்குங்க நெரிசல்?"

சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்த்தால் யாருக்கும் குறை சொல்ல மனசு வராது.

நஸ்ரின் கையை நீட்டினார்.

"உங்க போன்ல அந்தப் பக்கத்தைத் திறந்து குடுங்கண்ணா. இப்ப நான்தான் தேடுபொறி. நீங்க முதுகு பிடிச்சுப்போய்ப் படுத்திருக்கிற ஆளு. என்னைக் கேளுங்க."

நாச்சிமுத்து நாற்காலியில் சாய்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். யாரும் சொல்லாமலே கொஞ்சம் முனகவும் செய்தார்.

"பொள்ளாச்சியில முதுகு வலிக்கு யாருங்க பாக்கறாங்க?"

நஸ்ரின் போனைப் பார்த்தார்.

"தெரியலீங்க."

"பூங்கொடி பாக்கறாளுங்களே!"

"பூங்கொடின்னு ஒரு பேரு இருக்குதுங்க. என்ன தொழில்னு இல்லை. புடவைக் கடையாக்கூட இருக்கலாம்."

"ஐயோ, கிளினிக்குங்க! விலாசம் பாருங்க."

"இல்லீங்க."

"எத்தனை மணி வரைக்கும் இருக்கும்னாவது?"

"அதுவும் இல்லீங்க."

நாச்சிமுத்து முதுகு வலியை மறந்து துள்ளி எழுந்தார். மேஜை மேலிருந்த கம்ப்யூட்டர் திரையை நஸ்ரின் பக்கம் திருப்பினார்.

"இதுல எல்லாம் இருக்குதுங்களே டீச்சர்! ஒண்ணு விடாம எழுதியிருக்கேன். இதைக் கொஞ்சம் பாருங்களேன்!"

நஸ்ரின் நிமிரவில்லை. போனிலேயே கண்ணை வைத்திருந்தார்.

"என்னைக் கேக்கறவங்க பெரும்பாலும் கையில போனோடதான் இருக்காங்க, கம்ப்யூட்டர் இல்லீங்கண்ணா. அதனால தேடுபொறி நானும் போன் பக்கத்தை மட்டும்தான் படிப்பேன், அதைப் பாக்கறதில்லை."